பதினாலு தக்கை முடிச்சு

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என் வேலை பறவை பார்ப்பது. எங்கள் குப்பத்தில் மற்ற பெண்பிள்ளைகளுக்கு இறால் ஆயவும் கருவாடு புரட்டிப் போடவும் பழக்குவார்கள். எனக்கு அதெல்லாம் கைவரவில்லை. இறாலை நசுக்கிவிடுவேன், கருவாட்டைக் காக்கையிடம் பறிகொடுப்பேன். இதை எவன் தலையில் கட்டுவது என்று அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் அலுத்துக்கொள்வாள். ஆனால் கண் மட்டும் எனக்குக் கூர்மை. ஏரியின் அக்கரையில் கூழைக்கடா இறங்கினால், எத்தனை இறங்கியது என்று இக்கரையில் நின்றே சொல்லிவிடுவேன். அதனால் நைனா என்னைக் கரையோரம் ஒரு மணல்மேட்டில் உட்கார வைத்து, கையில் ஒரு முழ வலைநூலைக் கொடுத்துவிட்டு, தோணியைத் தள்ளிக்கொண்டு போவார்.

அந்த நூலில்தான் என் கணக்கு. ஆலாக்கள் கூட்டமாக விழுந்தால் ஒற்றை முடிச்சு. நீர்க்காகம் வரிசை கட்டி முங்கினால் இரட்டை முடிச்சு. கூழைக்கடா அரைவட்டமாக நின்று தண்ணீரை ஒதுக்கினால் சுருக்கு. வெயில் ஏற ஏற நூலில் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டே வர வேண்டும். சாயங்காலம் நைனா கண்ணை மூடிக்கொண்டு அந்த நூலை விரலால் தடவுவார். மடவை மீன் எந்தப் பக்கம் திரிகிறது, இறால் எங்கே ஒதுங்குகிறது என்பதெல்லாம் அவர் விரலுக்கே தெரிந்துவிடும்.

பறவை பார்ப்பதில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட முடியாது. இன்ன குடும்பத்துக்கு இன்ன நாள் இன்ன இடம் என்று ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும். அதைப் பாடு என்போம். பாடு பிரிக்கும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தான் பார்த்ததை எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். பார்த்ததை மறைத்தவனுக்கு அடுத்த முறை பாடு கிடையாது. எதிர்வீட்டுப் பெரியப்பா ஒருமுறை தெற்கே பூநாரைக் கூட்டம் இறங்கியதைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, ஒரு மாதம் முழுக்கக் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் கஞ்சி குடித்தார்கள். அம்மா ஊற்றுவாள், ஊற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பாள். கொலை, களவு எல்லாம் அந்த வயதில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே பாவம் பார்த்ததை மறைப்பதுதான்.

பழவேற்காட்டுக் கோட்டையில் அப்போது ஒல்லாந்தர் கொடி பறந்தது. தொடர்ந்து மூன்று வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. மேற்கே வானம் பார்த்த பூமியிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கடற்கரைக்கு வந்தபடி இருந்தார்கள். ஊருக்குத் தெற்கே ஒரு நீளக் கொட்டகை உண்டு. பசி தாங்காமல் தங்களையே விற்றுக்கொண்டவர்கள் அதில் இருந்தார்கள். எங்கோ ஒளிந்திருந்து பிடிபட்டு, விற்கப்பட்டவர்களும் இருந்தார்கள். கப்பல் வந்ததும் அவர்களைக் கடல் தாண்டி அடிமை வேலைக்கு ஏற்றிப் போவார்கள். இன்றைக்கு இதை நான் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு வயது ஒன்பது. கொட்டகையில் இருப்பவர்கள் வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் விளையாடப் போகக்கூடாது என்றும் சொல்லியிருந்தாள். வேலைக்குப் போகிறவர்களை ஏன் பார்க்கக்கூடாது என்று நான் கேட்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கோட்டை வாசலில் நின்று துரைகளின் பேச்சை ஊருக்கும் ஊர்ப் பேச்சைத் துரைகளுக்கும் மாற்றிச் சொல்வது அவருடைய பிழைப்பு. நாலு பாஷை பேசுவார், நாலிலும் சிரிப்புக் காட்டுவார். ஆளைப் பேச்சிலேயே மடக்கிவிடுகிற கில்லாடி என்று ஊரே சொல்லும். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவெல்லாம் சுற்றிக் காட்டியவர் அவர்தான். நைனாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கோ மாமா வந்தால்தான் பண்டிகை. பஞ்சத்திலும் அவர் மடியில் ஒரு துண்டு வெல்லமாவது இருக்கும்.

கோட்டையில் ஒரு துரை இருந்தார். ஒல்லியான ஆள், அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்து நடுங்குவார். பறவைப் பைத்தியம். ஏரிக்கரையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாரையையும் உள்ளானையும் காகிதத்தில் படமாக எழுதிக்கொண்டிருப்பார். ஏரிப் பறவையெல்லாம் எழுதித் தீர்ந்தபின், மேற்கே மலையில் இருக்கும் பறவைகளையும் எழுத வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. மாமா உடனே என் பேச்சை எடுத்திருக்கிறார். என் அக்கா பெண் கண்ணுக்குத் தப்பும் பறவையே கிடையாது, அவளைக் கூட்டிப் போனால் உங்களுக்குத் தேடுகிற வேலையே இல்லை என்று. நைனா முடியாது என்றார். மாமா இரண்டு மரக்கால் அரிசி கொண்டுவந்து வீட்டில் வைத்தார். அம்மா அந்த அரிசியைப் பார்த்தாள், நைனாவைப் பார்த்தாள். நைனா எழுந்து வலையைத் தைக்கப் போய்விட்டார். மறுநாள் நான் கிளம்பினேன்.

ஏரியைத் தோணியில் கடந்து ஆரம்பாக்கத்துப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் இரண்டு நாள். வண்டியில் துரை, மாமா, நான், வண்டிக்காரர், அவ்வளவுதான். கம்பாக்கத்து மலை தூரத்திலிருந்து பார்க்க நீலமாக இருந்தது. கிட்டப் போனால் எல்லாம் காய்ந்த பாறையும் முள்ளும். மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றன. மலையிலிருந்து இறங்குகிற ஓடையில் உருண்டைக் கற்கள்தான் கிடந்தன, தண்ணீர் இல்லை. கல்லோடு கல்லாக அரை நாழிகை மேலே ஏறிப் போனால், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு மடு மட்டும் வற்றாமல் இருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் பாதிகூட இருக்காது. அந்த மலையில் உயிரோடு இருந்த அத்தனையும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

எனக்கு முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருந்தது. எங்கள் ஏரியில் பறவையைத் தேட வேண்டாம், ஆயிரம் ஆயிரமாக வந்து இறங்கும். இங்கே நாள் முழுக்கப் பாறை மறைவில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்று வரும், இரண்டு வரும். ஆனால் இரண்டாம் நாள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. மடுவுக்கு வருவதில் அவைகளுக்குள் ஒரு முறை இருந்தது, எங்கள் பாடு மாதிரியே. வெளிச்சம் வந்ததும் கௌதாரிகள் குடும்பத்தோடு ஓடி வரும். அவை போனதும் பச்சைப்புறாக்கள். வெயில் ஏறினால் கொண்டைக்குருவிகள் கும்பலாக வந்து குளித்துச் சண்டை போடும். உச்சிவேளையில் முழ நீளத்துக்கு வெள்ளை வால் வைத்த ஒரு குருவி வந்து, தண்ணீரை ஒருமுறை தொட்டுவிட்டுப் போகும். அதைக் கண்டால் துரை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கண் கலங்குவார். ஒரு குருவிக்கு இவ்வளவு பெரிய மனுஷன் அழுவாரா என்று எனக்குச் சிரிப்பு வரும். அவரிடம் துப்பாக்கி இருந்தது, ஆனால் ஒரு பறவையையும் அவர் சுடவில்லை. பாவம், நல்ல மனிதர்.

விடியற்காலையில் அவருக்கு எழுந்திருக்க முடியாது. காய்ச்சல்காரர், வெயில் உறைத்தபின்தான் வருவார். மாமாவுக்கோ வண்டி நிழலை விட்டு நகரப் பிடிக்காது, வெற்றிலையைப் போட்டுக்கொண்டு அங்கேயே கிடப்பார். அதனால் கருக்கலிலும் அந்தியிலும் மடுவருகே நான் மட்டும் இருப்பேன். ஏரிக்கரையில் தனியாகவே உட்கார்ந்து பழகியவளுக்குப் பயம் ஏது. சாயங்காலம் வண்டிக்குத் திரும்பி நூலைத் தடவித் தடவி நான் ஒப்பிக்க, மாமா அதைத் துரையின் பாஷையில் சொல்ல, துரை எழுதிக்கொள்வார்.

மூன்றாம் நாள் கருக்கலில் அவர்களைப் பார்த்தேன். முதலில் மான் கூட்டம் என்றுதான் நினைத்தேன். சத்தமே இல்லாமல் பாறைமேல் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள். ஒருத்தி கையில் துணிச் சுருளுக்குள் பச்சைக் குழந்தை. குழந்தையையும் சேர்த்துப் பதினாலு பேர். குனிந்து குடித்தார்கள், சுரைக்குடுக்கையில் மொண்டுகொண்டார்கள், ஈரத்தில் பதிந்த காலடியைச் சருகு போட்டுத் தேய்த்துவிட்டு ஏறிப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் முட்புதருக்குள்ளிருந்து ஒரு பறவை இரண்டு சுருதியில் சீழ்க்கை அடித்தது. பார்த்தேன்: பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, குட்டை வால். காலையில் ஒருமுறை, பொழுது சாய ஒருமுறைதான் அது கத்தும். பகலில் சருகுக்குள் கிடக்கும்.

நூலில் அந்தப் பறவைக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். அந்த மனிதர்களுக்கு என்ன முடிச்சுப் போடுவது என்று யோசித்தேன். வலையில் தக்கை கட்டுவதற்கு ஒரு பெரிய முடிச்சு உண்டு, அதைப் போட்டேன். பதினாலு தக்கை முடிச்சு. நூலில் பாதி நிறைந்துபோய்விட்டது.

அன்று அந்தியில் அந்தக் கூட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். என் வயதுதான் இருக்கும். கூட்டத்துக்குப் பின்தங்கி நின்றவள், நான் ஒளிந்திருந்த பாறையைப் பார்த்து அந்தப் பறவை மாதிரியே சீழ்க்கை அடித்தாள். நானும் பதிலுக்கு அடித்துப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கிட்ட வந்து, உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும் என்று என் கன்னத்தைப் பிடித்து அமுக்கிக் காட்டினாள். அவள் பேசியது தெலுங்கு. எங்கள் ஏரியின் வடகரையெல்லாம் தெலுங்குதான் என்பதால் எனக்கும் அரைகுறையாக வரும். அந்தப் பறவைக்குப் பொன்னங்கி என்று பேர் சொன்னாள். அது கத்துவதற்கு முன்னால் தண்ணீர் மொண்டுவிட வேண்டும், கத்திவிட்டால் வெளிச்சம் வந்துவிடும் என்பது அவளுடைய நைனா சொன்ன கட்டளையாம். அவளும் தன் அப்பாவை நைனா என்றே சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் காலையும் மாலையும் சேர்ந்துகொண்டோம். அவள் எனக்குப் பொன்னங்கியின் கூப்பாட்டைக் கற்றுக்கொடுத்தாள். நான் அவளுக்குக் கடலைப் பற்றிச் சொன்னேன். இந்த மடுவை விடப் பெரிதா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த மலையை எடுத்து அதில் போட்டாலும் காணாமல் போய்விடும் என்றேன். அவள் நம்பவில்லை. என் இடுப்பு முடிச்சில் ஒரு வெள்ளைச் சிப்பி வைத்திருந்தேன், அதை அவளிடம் கொடுத்து, கடலில் இது கொட்டிக் கிடக்கும், ஒருநாள் உன்னைக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் பார் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சிப்பியைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். முதன்முதலாகச் சந்தித்த அந்தியிலேயே, போகும்போது திரும்பி வந்து என் வாயில் விரலை வைத்திருந்தாள்.

"செப்பொத்து" என்றாள். "எவரிகீ செப்பொத்து."

யாரிடமும் சொல்லாதே என்று அர்த்தம். ஏன் என்று கேட்டேன். கீழேயிருந்து வருகிறவர்கள் பார்த்தால் அவளுடைய நைனாவுக்குக் கோபம் வரும் என்றாள். சரி, கண்டிப்பான நைனா போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தலையை ஆட்டினேன்.

ஆட்டிவிட்டேனே தவிர, எனக்கு அது பொறுக்கவில்லை. சாயங்காலம் நூலை ஒப்பிக்கும்போது தக்கை முடிச்சு வந்ததும் விரலைத் தாண்டிவிடுவேன். அது என்ன பெரிய முடிச்சு என்று மாமா ஒருமுறை கேட்டார். சும்மா சிக்கு விழுந்துவிட்டது என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக நூலில் இருந்ததை மறைத்தேன். அன்று இரவு எதிர்வீட்டுப் பெரியப்பா கரையில் உட்கார்ந்திருந்தது கண்முன்னால் வந்தது. நான் மறைத்ததற்காக நைனாவுக்குப் பாடு போய்விடுமோ என்று பயந்தேன். மலையில் பார்த்ததற்கும் ஏரியில் பாடு பிரிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டும், எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

பயம் மட்டும் என்று சொன்னால் அது பொய். ஆசையும் இருந்தது. அவளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்ற ஆசை. நான் சின்னப் பெண், யாரையும் எங்கும் கூட்டிப் போக என்னால் ஆகாது. மாமாவால் ஆகும். மாமாவால் ஆகாதது என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக நான் அன்று நினைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் துரை மடுவருகே படம் எழுதிக்கொண்டிருந்தார். நான் வண்டிக்கு இறங்கி வந்தேன். மாமா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு பொண்ணை நம்ம கூட ஊருக்குக் கூட்டிக்கினு போலாமா?"

"இன்னா பொண்ணு? குருவியா?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. நூலை எடுத்து அவர் மடியில் வைத்தேன். தக்கை முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். இது அவளுடைய நைனா, இது அம்மா, இது கைக்குழந்தை, இது அவள். மாமாவின் கை வெற்றிலையோடு அப்படியே நின்றது. பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மடியிலிருந்து வெல்லத்தை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு பரிவாக அவர் என்னோடு அதற்கு முன் பேசியதில்லை. எத்தனை பேர், எந்தப் பாறை வழியாக இறங்குவார்கள், எப்போது வருவார்கள், ஆண்பிள்ளைகள் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பொன்னங்கி கத்துவதற்கு முன்னால் வருவார்கள் என்று சொல்லி, அது எப்படிக் கத்தும் என்று சீழ்க்கையடித்தும் காட்டினேன். அதற்குள் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. மாமா தானும் இரண்டு மூன்று தரம் அடித்துப் பார்த்தார்.

"கூட்டியாந்துடலாம் கண்ணு" என்றார். "அவளை மட்டும் இன்னாத்துக்கு? அல்லாரையுமே கூட்டியாந்துடலாம்."

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. சாயங்காலம் நூலை ஒப்பித்தபோது தக்கை முடிச்சையும் சேர்த்துத் தலை நிமிர்ந்து சொன்னேன். மாமா அந்த இடத்தில் மட்டும் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். துரை தலையாட்டி, ஒரு புறாவின் படத்துக்குப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டார். மாமா அவரிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளே மாமா எங்களைக் கிளப்பிவிட்டார். துரைக்குக் காய்ச்சல் ஏறுகிறது, மலைக்காற்று ஆகாது என்று காரணம் சொன்னார். துரைக்கு மனமே இல்லை. அந்த வெள்ளை வால் குருவியை இன்னொரு நாள் பார்க்க வேண்டும் என்று பிள்ளை மாதிரி அடம் பிடித்தார். தனக்கு மலையடி ஊரில் ஒரு சின்ன வேலை இருக்கிறது, நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று மாமா பின்தங்கினார். வண்டி நகரும்போது நான் ஓடைப் பக்கம் திரும்பிப் பொன்னங்கிக் கூப்பாடு போட்டேன். மேலே எங்கிருந்தோ பதில் வந்தது. அது பறவையா, அவளா என்று தெரியவில்லை. எதுவானாலும் இன்னும் நாலு நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

மாமா ஆறு நாள் கழித்து வந்தார். எனக்குச் சிவப்புக் கண்டாங்கியில் ஒரு பாவாடை கொண்டுவந்தார். அவள் எங்கே என்று கேட்டேன். நாளைக்குக் கரைக்கு வந்தால் பார்க்கலாம் என்றார். அம்மாவுக்கு நான் யாரைக் கேட்கிறேன் என்று புரியவில்லை, பாவாடையின் கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பாவாடையைக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினேன். முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு கப்பல் நின்றிருந்தது. பெரிய கப்பல் ஏரிக்குள் வராது. சரக்கானாலும் ஆளானாலும் எங்கள் குப்பத்துத் தோணிகள்தான் அலையைத் தாண்டிக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். கோட்டைக் கட்டளை என்பதால் அதற்கும் ஊரில் முறைவைத்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. நைனா தோணியோரம் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

கொட்டகைப் பக்கமிருந்து அவர்கள் வரிசையாக வந்தார்கள். பகல் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை என்பதால் முதலில் அடையாளம் தெரியவில்லை. எல்லார் இடுப்பையும் ஒரே கயிறு கோத்திருந்தது. அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அலை பெரிதாக இருக்கிற நாளில் நைனா என்னையும் அப்படித்தான் இடுப்பில் கட்டித் தோணியில் ஏற்றுவார். பழக்க தோஷம், நூலை எடுத்து ஆள் வர வர முடிச்சுப் போட்டேன். பதிமூன்று வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். பதிமூன்றுதான். துணிச் சுருளை வைத்திருந்தவளின் கை வெறுமனே தொங்கியது. குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு வந்திருப்பாள், கடல் காற்று பச்சைப் பிள்ளைக்கு ஆகாது அல்லவா என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசிக்கு முந்தி அவள் வந்தாள். நான் பொன்னங்கி மாதிரி சீழ்க்கையடித்தேன். அவள் தலை சட்டென்று திரும்பியது. அவள் மட்டுமில்லை, கயிற்றில் இருந்த எல்லாத் தலையும் திரும்பின. அவளுடைய நைனா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அது கோபம் என்றுதான் அன்று நினைத்தேன். கண்டிப்பானவர் என்று அவளே சொல்லியிருந்தாளே.

நான் அவளோடு சேர்ந்து ஓடினேன். பார், நான் சொன்னேன் இல்லையா, இதுதான் கடல், மடுவை விடப் பெரிதா இல்லையா என்று தெலுங்கிலும் தமிழிலுமாகக் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் கடலைப் பார்க்கவில்லை. என் பாவாடையைப் பார்த்தாள், என் கையிலிருந்த நூலைப் பார்த்தாள். பிறகு கழுத்தில் நாரில் கோத்திருந்த சிப்பியை அறுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கடலுக்கே வந்துவிட்டோம், இனிச் சிப்பி எதற்கு என்று தருகிறாள் என நினைத்து நான் வாங்கிக்கொண்டேன்.

நைனா இதையெல்லாம் தண்ணீரில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். என்னருகே வந்து, கையிலிருந்த நூலை வாங்கினார். மலையில் கட்டியதும் அதே நூல்தான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். கௌதாரி, புறா, கொண்டைக்குருவி எல்லாம் தாண்டி விரல் தக்கை முடிச்சுகளில் போய் நின்றது. ஒவ்வொன்றாக எண்ணினார், பதினாலு. பிறகு கடைசியில் இருந்த பதிமூன்றையும் எண்ணினார். நூலைத் திருப்பித் தரவில்லை. அவர்களைத் தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

அன்று முதல் மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மா அழுதாள். ஒரு பாவாடைக்காகவா இவ்வளவு சண்டை என்று நான் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பௌர்ணமிக்குப் பாடு பிரிக்க ஊர் கூடியது. நைனா எழுந்து, இந்த முறை என் வீட்டுக்குப் பாடு வேண்டாம் என்றார். எல்லாரும் திகைத்தார்கள். எதை மறைத்தாய் என்று பெரியவர்கள் கேட்டார்கள். எதையும் மறைக்கவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறைத்ததற்காகப் பாடு இழந்தவர்களை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. சொன்னதற்காக விட்டுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். இது எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் ஆயிற்று. விளங்கியபோது என்னிடம் அந்தச் சிப்பிகூட இல்லை, எங்கோ விளையாட்டில் தொலைத்திருந்தேன்.

பஞ்ச காலத்தில் ஒரு மாதப் பாடு போவது என்றால் பட்டினி. எதிர்வீட்டுப் பெரியப்பா மாதிரி நைனா கரையில் சும்மா உட்கார்ந்திருந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு நியாயம் கேட்க வேண்டும் போல இருந்தது. ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் எதையும் மறைக்கலியே நைனா" என்றேன். "பாத்ததெல்லாம் சொன்னேனே."

அவர் ஏரிப் பக்கம் திரும்பினார். ஆலாக்கள் கூட்டமாக விழுந்து எழுந்தன. யாரும் முடிச்சுப் போடவில்லை.

"ஆமாம்மா" என்றார். "அல்லாத்தையும் சொல்லிட்டே."

அதற்கப்புறம்தான் எனக்கு மனம் லேசானது. நைனாவே மெச்சிக்கொண்டார் என்று எதிர்வீட்டுப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிக்கொண்டேன்.